நல்ல தண்ணீரில் ஊறிய கடற்பாசி

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் தாத்தாவுக்குத் திதி கொடுக்க அப்பா கிளம்பினார். நானும் வருவேன் என்று மூன்று நாள் அழுதேன். எங்கள் டீச்சர்தான் காரணம். மூன்றாம் பாரத்தோடு என் படிப்பை நிறுத்தி நூல் சுற்ற வைக்க அப்பா முடிவு செய்திருக்கிறார். "கடல் செடிகளை நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றும் எங்கே வளர்ந்தது என்று எழுதி வா. அதைக் காட்டி உன் அப்பாவிடம் பேசுகிறேன்" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

கடல் பார்க்கப் போகும் மற்றப் பெண்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். விளக்கு எரிவது தெரிந்தால் திட்டு விழும்.

ஜலகண்டாபுரத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ். சேலத்துக்கு இருபது மைல், ஆளுக்கு ஆறணா. அங்கிருந்து ஈரோடு, திருச்சி என்று ரயில் மாறி, மறுநாள் காலையில்தான் கடலைக் கண்டோம். அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். போகிற இடத்துத் தண்ணீரையெல்லாம் குடித்துப் பார்ப்பார். திருச்சியில், "தேவலாஞ் சாமி, சாயம் புடிக்கும்" என்றார். திதி முடிந்து திரும்பும் வழியில் மண்டபம் ஊரில் இறங்கியபோது ஒரு வாய் குடித்துத் துப்பினார். "இந்த ஊர்ல நம்ம பொழப்பு நடக்காது."

எட்டணாவுக்கு வள்ளம் பேசினோம். வள்ளக்காரர் சிரித்தார். "பாசியப் பாக்கவா காசு குடுத்து வந்தீக?"

"புள்ள படிக்குதுங்க" என்றார் அப்பா. அவர் வாயால் அப்படிக் கேட்டது அன்றுதான்.

கரையில் மழைநீர் ஓடை வந்து சேரும் இடம் கலங்கலாக இருந்தது. அங்கே நூல் போன்ற பச்சைப் பாசி மட்டும். கொஞ்சம் தள்ளி, பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தெளிந்த நீருக்கடியில் மணல், அதில் நெல்வயல் போலக் கடற்புல். கல்லைப் பற்றிய பழுப்புப் பாசி அங்கே என் கை நீளம் இருந்தது. அலை மோதும் பாறை ஓரத்தில் அதே பாசி ஒரு சாண்தான்.

"வேற செடிங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா. இங்க நீண்டா அலை பிச்செறிஞ்சிரும்" என்றார் வள்ளக்காரர்.

அந்தப் பாறை இடுக்கில் குங்குமச் சிவப்பில் ஒரு பாசி இருந்தது. அதுதான் என் நோட்டின் முதல் பக்கம் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கடல்நீரோடு தூக்குப் போசியில் அடைத்துக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தவறு செய்தேன். சாயம் போட்ட நூலை நாங்கள் கிணற்று நீரில் அலசுவது வழக்கம். உப்புப் போகட்டும் என்று பாசிகளையும் இரவு முழுவதும் அதே நீரில் ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்புப் பாசி வெளுத்துக் கொழகொழவென்று கிடந்தது. ஓடை வாயில் எடுத்த பச்சைப் பாசிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது மழைத் தண்ணீரை முன்பே அறிந்தது.

நான் அழுததைப் பார்த்து அம்மா, அப்பாவின் சிவப்புச் சாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றி நோட்டுப் பக்கத்தில் வைத்தாள். "ஒரு முக்கு முக்கி ஒட்டு கண்ணு. ஆருக்குத் தெரியப் போவுது?" நான் படிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுபவள் அவள்.

கடலுக்குப் போகிறவர்கள் ஒரு புட்டி கடல்நீர் கூடுதலாகக் கொண்டு வாருங்கள். பாசியை அதில் மட்டுமே அலசுங்கள். எடுத்த இடத்தில் அலை எப்படி, நீர் தெளிவா கலங்கலா, ஓடை அருகில் உண்டா என்று அங்கேயே எழுதிவிடுங்கள். செடியைப் பார்த்தால் மட்டும் அது தெரியாது.

வெளுத்த பாசியை முதல் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். அதன் கீழே எழுதினேன்: "அலை மோதும் பாறையில் இது சிவப்பாக இருந்தது. நல்ல தண்ணீரில் போட்டது நான்." எதிர்ப் பக்கத்தில் ஓடைப் பாசி, பச்சை மாறாமல்.

நாளை பத்து மணிக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அப்பாவும் இருப்பார். அம்மா வைத்த சாயத்தைச் சிந்தாமல் தொட்டியில் திருப்பி ஊற்றிவிட்டேன்.