சுபேதார் சடையன் மட்டை மாற்றிய கதை

திருவண்ணாமலையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் கோல்ஃப் ஆடுகிறவர் ஒருவர் இருக்கிறார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் புது மனைகளில் வீடு கட்டிக்கொண்டு வந்த ஓய்வு பெற்ற சுபேதார் சடையன்தான் அவர். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் அவருக்கும் பங்காளிகளுக்கும் சேர்ந்தாற்போல் ஆறு ஏக்கர் வேர்க்கடலை நிலம்; அந்தப் பக்கத்துப் பேச்சில் மணிலா. மணிலா பிடுங்கி நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் விடிந்ததும் பைக்கில் மட்டைப் பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். எட்டு மணி வரை அடிப்பார், அடித்த பந்துகளைத் தானே பொறுக்குவார், வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடுவார். பதின்மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

இந்தப் பைத்தியம் பட்டாளத்தில் பிடித்தது. ஒரு கர்னலின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் அந்தக் கர்னலையே ஜெயித்துவிட்டார். அன்று கர்னல் டீகூட வாங்கித் தரவில்லை. ஆனால் சடையன் ஓய்வு பெற்றபோது தன் சொந்த மட்டைகளையே அனுப்பிவைத்தார். தலை இரும்பு கத்தி மாதிரி மெலிந்த, பழைய காலத்து பிளேடு மட்டைகள். நடு இரும்பில் பந்து பட்டால் பட்டதே தெரியாது. ஒரு நூல் தள்ளிப் பட்டாலோ முழங்கை வரைக்கும் விண்ணென்று தெறிக்கும். தடித்த மட்டையெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்பது சடையனின் கட்சி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன தை மாதத்திலிருந்து அந்தக் கர்வத்துக்குச் சோதனை வந்தது. பந்துகள் வலப்பக்கம் சாய்ந்து, பாதி தூரத்திலேயே விழ ஆரம்பித்தன. வலப்பக்கம் வரப்பில் கன்னியம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னா சுபேதார் அண்ணா, என் ஆடுங்க மேல உங்களுக்கு இன்னா கோவம்?" என்று அங்கிருந்தே சத்தம் போடுவாள்.

சடையன் சிரித்துவைப்பார். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. அடித்து முடித்தால் இரண்டு கையும் மரத்துப்போகிறது, முழங்கை வலிக்கிறது. ஒரு நாள் டீக்கடையில் கிளாசைத் தூக்கியபோது டீ லேசாக அலை அடித்ததைப் பார்த்தார். அவ்வளவுதான், குடிக்காமலே கிளாசை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

காரணம் அவருடைய அப்பா. அப்பாவுக்கு அறுபது வயதில் நடுக்குவாதம் கண்டது. வலது கையில் ஆரம்பித்து உடம்பு முழுக்கப் பரவி, கடைசி ஏழு வருஷம் படுக்கையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார். சடையன் அப்போதெல்லாம் எங்கோ எல்லையில் இருந்தார். லீவில் வரும்போது பார்த்ததுதான். அந்தப் பார்வையே ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. இப்போது சடையனுக்கும் அறுபது முடிந்துவிட்டது. தப்பிப் போகும் ஒவ்வொரு பந்தும், 'உனக்கும் வந்துவிட்டதடா' என்று சொல்வதாகவே அவருக்குப் பட்டது.

மனைவி வெள்ளையம்மாளிடம் வாயைத் திறக்கவில்லை. அவள் மாடிக்குத் துணி காயவைக்கப் போன நேரமாகப் பார்த்துக் கண்ணாடி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கைதான் ஆடாமல் இருக்கும்? செல்போனில் தேடிப் பார்த்தார். செல்போன் என்றைக்கு ஒரு மனுஷனுக்கு நல்ல சேதி சொல்லியிருக்கிறது? டாக்டரிடம் போகலாம் என்று மூன்று முறை கிளம்பி, மூன்று முறையும் பஸ் ஸ்டாண்டு வரை போய் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினார். சுடுகிற எல்லையில் இருபத்தெட்டு வருஷம் நின்ற மனுஷன்தான். டாக்டர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் தைரியம் இல்லை.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. வெள்ளையம்மாள் அந்த விஷயத்தில் பாரபட்சமே பார்க்க மாட்டாள். பைக், மிக்சி, தையல் மிஷின், அரிவாள்மணை என்று வீட்டில் இருந்த அத்தனைக்கும் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டுப் பொட்டு வைத்தாள். கோல்ஃப் மட்டைகளையும் விடவில்லை. பந்து படும் முகத்திலேயே மூன்று விரலால் அழுத்தி இழுத்துவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுத்துத் தொழிலைத் தொடங்க வேண்டும். சடையன் பட்டையைத் துடைக்க மனசில்லாமல் அப்படியே நிலத்துக்கு எடுத்துப் போனார். ஏழாம் நம்பர் மட்டையால் முதல் பந்தை அடித்தார். வழக்கம்போல வலப்பக்கம். வழக்கம்போல கையில் விண். மட்டையைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். காய்ந்த திருநீற்றில் பந்து பட்ட இடம் மட்டும் வட்டமாக உதிர்ந்திருந்தது. நடுவில் இல்லை. அரை அங்குலம் தள்ளி, மட்டையின் நுனிப் பக்கம்.

சட்டைப் பையில் கோயில் திருநீறு பொட்டலம் இருந்தது. "அண்ணாமலையாரே, மன்னிச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டு, பாட்டில் தண்ணீரில் குழைத்து மறுபடி பூசி, காயவிட்டு, இன்னொரு பந்தை அடித்தார். அதே இடம். மறுபடி பூசினார். அதே இடம். பத்து பந்து அடித்தார். பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.

சடையன் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார். நடுங்குகிற கை ஒரு தடவை இங்கே தப்பும், ஒரு தடவை அங்கே தப்பும். பத்து தடவையும் ஒரே இடத்தில் தப்புகிறது என்றால் இந்தக் கை ஆடவே இல்லை! மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தப்பாக அடித்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆட்டக்காரன் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்தத் தைரியம் ஆறுவதற்குள் டாக்டரிடம் போய்விட்டார். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். கடைசியில் மட்டையைப் பற்றி விசாரித்தார்.

"நரம்புல ஒண்ணும் இல்லீங்க. அந்த மெல்லிசு இரும்பு குடுக்கற அதிர்ச்சி மூட்டுல இறங்குது, அதான் வலியும் மரப்பும். கைய மாத்த முடியாது, மட்டைய மாத்துங்க."

அடுத்த வாரமே சடையன் சென்னைக்குப் பஸ் ஏறினார். கோல்ஃப் சாமான் விற்கும் கடை. பின்பக்கம் வலை கட்டி அடித்துப் பார்க்க வசதி செய்திருந்தார்கள். விற்பனையாளர் சுரேஷ்குமார் முப்பது வயதுக்காரர், பொறுமைசாலி. மட்டை முகத்தில் அடையாளம் தெரிவதற்காக ஏதோ வெள்ளைப் பவுடரை அடித்துக் காட்டினார். 'இதுக்கா வெளிநாட்டுப் பவுடர்!' என்று சடையன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பந்து நுனிப் பக்கமேதான் பட்டது.

"வயசாவ ஆவ இடுப்பு முன்ன மாதிரி திரும்பாது சார். கை தானா உள்ள இழுத்துக்கும். எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் சுரேஷ்குமார்.

மூன்று விதம் எடுத்து வைத்தார். முதலாவது, உருக்கி அச்சில் ஊற்றி வார்த்தது. தலை பெரிசு, அடி தடிமன். எங்கே பட்டாலும் பந்து நேராகத்தான் போயிற்று. ஆனால் சத்தம் பவுடர் டின் மூடியைத் தட்டின மாதிரி. "பந்து எங்க பட்டுதுன்னே தெரியலையேப்பா" என்று முகத்தைச் சுளித்தார். இரண்டாவது, அவரிடம் இருப்பது போலவே மெலிந்த பிளேடு, பளபளவென்று புதுசு. கை தன்னால் அதன் பக்கம் போயிற்று. ஒரு அடி, முழங்கை ஞாபகப்படுத்தியது. சடையன் அதைக் கீழே வைப்பதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பதின்மூன்று வருஷத்துக் கர்வத்தையும் கூடவே வைக்க வேண்டியிருந்ததே.

மூன்றாவது, பட்டறையில் அரிவாள் அடிப்பது போல மிருதுவான இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்தது. முதுகுப் பக்கம் குழியாகக் குடைந்து, அங்கே எடுத்த கனத்தை ஓரங்களுக்குத் தள்ளியிருந்தார்கள். கேவிட்டி பேக் என்றார் சுரேஷ்குமார். கனம் ஓரத்தில் இருப்பதால் நுனியில் பட்டாலும் மட்டை முறுக்கிக்கொள்ளாதாம். பிடித் தண்டும் பழையதைவிட லேசு. சடையன் அடித்தார். பவுடரில் அதே அரை அங்குலத் தப்பு. ஆனால் பந்து நேராகப் போயிற்று, கொஞ்சம்தான் தூரம் குறைச்சல். தப்பிப் பட்டது கைக்குத் தெளிவாகத் தெரிந்தது, வலிக்கவில்லை. தப்பை எடுத்துச் சொல்லும், ஆனால் அடிக்காது. இதுதான் தனக்கு என்று தெரிந்துவிட்டது.

"இதயே கட்டுப்பா."

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் நிலத்தில் நாற்பது பந்து அடித்தார். ஆடுகளுக்கு ஆபத்தில்லை. கை மரக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். வெள்ளையம்மாள் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மே" என்று எதிரில் உட்கார்ந்தார். டீ கிளாசிலிருந்து டாக்டர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் கை நின்றது. "எத்தினி மாசமா இந்தக் கூத்து?"

"எட்டு, ஒம்போது மாசம் இருக்கும்."

"உங்க அப்பாவுக்கு ஏழு வருஷம் சோறு ஊட்டி உட்டது யாரு? உங்க பட்டாளமா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள். "அந்த நடுக்கம் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கைய மடியில வெச்சினு மாமா சும்மா குந்தினு இருப்பாரு, அது பாட்டுக்கு ஆடும். உங்க கை நீங்க டிவி பாக்கறப்ப கல்லு மாதிரி கெடக்குது. உங்களுக்கு அறுபது முடிஞ்ச நாள்லருந்து நான் தெனம் பாத்துனுதான் இருக்கேன்."

சடையன் தன் இரண்டு கையையும் பார்த்தார். இத்தனை நாள் தனக்கு மட்டுமே என்று ஒளித்து வைத்திருந்த பயத்தை இவளும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"இல்லாத சீக்க இல்லன்னு வந்து சொல்லுவாங்களா? நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." முறத்தை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். "இனிமேட்டு பயம் வந்தா எங்கிட்ட சொல்லிட்டு பயப்படுங்க. இப்ப மொச்சைய உரிங்க."