மதிலுக்குப் பின்னால் நாலு நொடி

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. சுற்றுலா வழிகாட்டியின் சத்தியத்தை எவன் நம்புவான் என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். அப்படியானால் ஓட்டுநர் ஃபோட்டிஸைக் கேளுங்கள். அன்றைக்குப் பிறகு அவன் அந்த வழியில் வண்டி எடுப்பதில்லை. இப்போது விமான நிலையத்துக்கும் விடுதிகளுக்கும் இடையே பெட்டி ஏற்றி இறக்குகிறான். கேட்டால் முதுகுவலி என்பான். பெட்டி தூக்கினால் முதுகுவலி போகும் என்று எந்த மருத்துவர் சொன்னாரோ.

இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த வியாழக்கிழமை நான் ஓரிடத்துக்குப் போக வேண்டும். அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ராத்திரி கிடையாது. ஆந்தை கிடையாது. ஜூலை மாதம், பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். நாற்பது டிகிரி வெயில். பேய்க்கே வேர்க்கும்.

என் பெயர் பந்தெலிஸ். காலை ஏழரைக்கு ஏதென்ஸில் பயணிகளை ஏற்றி, ஒரே நாளில் மூன்று பழைய போர்க்களங்களைக் காட்டி, இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்பக் கொண்டுவிடுவது என் பிழைப்பு. பிளாட்டியா, கெரோனியா, தெர்மோபிலி. எங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்பது எனக்கு மனப்பாடம். என் கல்யாண நாள்தான் மறந்துபோகும். அதனால்தான் இப்போது கல்யாணமும் இல்லை.

பதினாறு வருடம் எங்கள் வண்டியை ஓட்டியது என் அண்ணன் லாம்ப்ரோஸ். பெருத்த உடம்பு. அடிவயிற்றிலிருந்து வரும் குரல். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் ஒயின் கிளாஸைக் கவிழ்த்து வைப்பான். ஓட்டுகிறவனுக்குக் கிடையாது என்று அர்த்தம்.

பிளாட்டியாவில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கூத்து உண்டு. பாரசீகர்களை அங்கே தோற்கடித்த பிறகு பல நூறு வருடம், அந்த ஊர்த் தலைவர் ஆண்டுக்கொருமுறை செத்த வீரர்களின் கல்லைத் தன் கையாலேயே கழுவி, ஒயின் ஊற்றி, அவர்களை விருந்துக்குக் கூப்பிடுவாராம். நானும் கூப்பிடுவேன். இடிந்த மதிலோரம் ஒரு கல். உண்மையில் ஆடு மேய்ப்பவர் உட்காருகிற கல் அது. அதில் தண்ணீர் ஊற்றி, ஒயின் ஊற்றி, "வீரர்களே, சாப்பிட வாங்க!" என்று கத்துவேன். பிறகு நாலு நொடி மௌனம். பயணிகள் இளிக்க ஆரம்பிக்கும்போது மதிலுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் கொடுப்பான்.

"வர்றேன்...!"

ஒரு ஜப்பானியப் பெரியவர் பல்செட்டையே கீழே போட்டிருக்கிறார்.

நான் சொல்ல வந்த அந்த ஜூலை வியாழனுக்கு மூன்று வருடம் முன்பு ஒருநாள் நான் கத்தினேன். நாலு நொடி ஆனது. குரல் வரவில்லை. எட்டு நொடி. எனக்கு எரிச்சல். "செத்தவங்களும் மத்தியானத் தூக்கம் போடறாங்க போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதன் மேலேயே சவாரி செய்து இருபத்தைந்து நிமிடம் பாரசீகக் குதிரைப்படையைப் பற்றிப் பேசினேன்.

வண்டிக்குப் போனால் அண்ணன் இல்லை. மதிலுக்குப் பின்னால் இருந்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. வலது குதிகால் மண்ணைக் கீறிக் கீறிக் கோடு போட்டிருந்தது.

"பத்து நிமிஷத்துல பார்த்திருந்தா..." என்றார் மருத்துவர். மீதியைச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அண்ணி மாரிக்காவிடம் நான் சொன்னது வேறு. "ஸ்டியரிங்கிலேயே போயிட்டான் அண்ணி. ஒரே நொடி. வலிக்கவே இல்ல." பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். சம்பளம் வாங்காமல் சொன்ன முதல் பொய் அது.

எங்கள் நகரத்தில் கல்லறை இடம் மூன்று வருடத்துக்குத்தான். அப்புறம் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்று வருடம் முடிகிற நேரத்தில் அண்ணி போனில் கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமை பன்னெண்டரைக்குத் திறக்கறாங்க தம்பி. நீ வந்துடுவல்ல?"

"எனக்கு டூட்டி இருக்கு அண்ணி."

டூட்டி இல்லை. வேறொருவனுடைய நாளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருட எலும்பு என்றால் எனக்கு ஆயிரம் நகைச்சுவை வரும். மூன்று வருட எலும்பைப் பார்க்க முடியாது.

அந்த வியாழனுக்கு வருகிறேன்.

பதினோரு பயணிகள். நான், ஃபோட்டிஸ். மொத்தம் பதிமூன்று. காலையிலிருந்தே உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தது. வாய் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கூத்தை நான் விட்டு மூன்று வருடம். கல்லைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன். ஹன்னெக்கே என்ற டச்சு அம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க செத்தவங்களைச் சாப்பிடக் கூப்பிடுவீங்கன்னு இன்டர்நெட்ல போட்டிருந்தாங்களே? அதுக்காகத்தான் இந்த வண்டில ஏறினேன்."

"ஒயின் இல்லையேம்மா."

பையைத் திறந்தார். பிசின் வாடையடிக்கும் எங்கள் ஊர் ஒயின், சின்ன பாட்டில். "காலையில வாங்கி வெச்சுட்டேன்" என்றார். தலைமையாசிரியைகள் உலகெங்கும் ஒரே மாதிரிதான்.

12:10. தண்ணீர் ஊற்றினேன். ஒயின் ஊற்றினேன். கல்லடியில் செம்மண் குழைந்து சேறானது. சுற்றிலும் அறுத்த கோதுமை வயல். சில்வண்டுகள் காதைக் கிழித்தன. வண்டி முந்நூறு அடி தள்ளி நின்றது. அதன் படியில் உட்கார்ந்து ஃபோட்டிஸ் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். இங்கிருந்தே தெரிந்தது.

"வீரர்களே, சாப்பிட வாங்க!"

சில்வண்டுகள் நின்றன.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ஆனால் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். மதில் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் சிரித்துக் கை தட்டினார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். என் காலரில் மைக் இருக்கும். பயணிகளின் காதில் இயர்போன் இருக்கும். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். என் காதில் எதுவும் கிடையாது. அதனால் அவர்களுக்கு அதில் என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது.

"பிரமாதம்" என்றார் ஹன்னெக்கே அம்மாள். "ஆனா பாவம், அவருக்கு ஆஸ்துமாவா?"

"யாருக்கு?"

"சுவருக்குப் பின்னாடி இருக்கறவருக்கு. என் கிரேக்கம் ரெண்டாம் வகுப்புதான். முதல்ல 'வர்றேன்'னார். அப்புறம்... 'பொறுடா, மூச்சு முட்டுது'ன்னார். சரியா?"

"சரிதான்" என்றேன்.



மதிலைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. மண்ணில் மட்டும் ஒரு கோடு. குதிகாலால் கீறிய மாதிரி. புதிது. ஆடு ஏதாவது கீறியிருக்கும் என்று முடிவு செய்தேன். குதிகால் உள்ள ஆடு.

சில்வண்டுகள் மறுபடி கத்த ஆரம்பித்தன. மணி 12:14.

1:05. சாப்பாட்டுக்கு அசிமினாவின் கடை. முந்தைய குளிர்காலத்தில்தான் அவள் அந்தக் கடையை எடுத்திருந்தாள். என் அண்ணனை அவள் பார்த்ததே இல்லை. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, பதிமூணுன்னு சொல்லிட்டுப் பதினாலுன்னு ஆள் அனுப்பினா என்ன அர்த்தம்? ஆட்டுச் சாப்ஸுக்கு என் தொடையையா வெட்டிப் போடுவேன்?"

"நான் யாரையும் அனுப்பலையே."

"கறுப்பு சூட்டு போட்ட பெரிய ஆளு. இந்த வெயில்ல! கல்யாணமா, சாவான்னு கேட்டேன். பதில் இல்ல. கதவுகிட்டயே நின்னுக்கிட்டு, 'பந்தெலிஸ் ஆளுங்களோட இன்னொரு தட்டு'ன்னார். மூச்சு வாங்குச்சு. தண்ணி நீட்டினேன். வாங்கல."

"எத்தனை மணிக்கு?"

"அடுப்புலேர்ந்து ரொட்டி எடுத்த நேரம். பன்னெண்டு இருபது."

ஃபோட்டிஸ் என் பின்னால் நின்றான். மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டான்.

"அண்ணே, நான் வண்டியை விட்டு நகரல. எங்கம்மா மேல சத்தியம்."

"தெரியும்டா."

"உங்கண்ணனைப் புதைச்சது கறுப்பு சூட்லதானே?"

"உக்காந்து சாப்பிடுடா."

நீளமான மேசை. பதினாலு தட்டு. பதினாலாவது, எனக்கு நேர் எதிரே, மறுகோடியில். நாற்காலி லேசாக வெளியே இழுத்திருந்தது.

எல்லாக் கிளாஸும் நேராக இருந்தன. அந்த ஒன்று கவிழ்ந்திருந்தது.

"இதை யார் கவுத்தது?"

"நான் நேராத்தான் வெச்சேன்" என்றாள் அசிமினா.

கிளாஸின் உள்பக்கம் மூச்சு விட்ட மாதிரி ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆவி மெல்லச் சுருங்கியது... மறுபடி பரவியது... சுருங்கியது... பரவியது.

சீராக இல்லை. கஷ்டப்பட்டு.

நான் ஓடியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆறு சாப்ஸ் சாப்பிட்டேன். பயம் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. உப்பு குறைவு என்று தோன்றியது. அவ்வளவுதான்.

1:22.

ஆவி சுருங்கியது.

காத்திருந்தேன்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

பரவவில்லை.

கெரோனியாவில் சிங்கச் சிலையைக் காட்டினேன். தெர்மோபிலியில் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். நகைச்சுவை எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. நல்லாச் சிரித்தார்கள்.

மாலை 7:50. ஏதென்ஸுக்குள் நுழையும்போது போனை எடுத்துப் பார்த்தேன். அண்ணி ஐந்து முறை கூப்பிட்டிருந்தாள். நான் கூப்பிட்டேன்.

"பன்னெண்டரைக்குக் கல்லைத் தூக்கினாங்க தம்பி" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. "கரையல. அப்படியே இருக்கார். ஒண்ணு இருபது வாக்குல மறுபடி மூடிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுத் திறக்கணுமாம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உடம்பு கரையலேன்னா ஏதோ பாக்கி இருக்குன்னு அர்த்தமாம், பாதிரியார் கேட்டார். இவர்கிட்ட யாராவது மன்னிப்புக் கேக்காம விட்டிருக்கீங்களான்னு. எனக்குத் தெரியலேன்னேன். உனக்குத் தெரியுமா?"

வண்டி சிக்னலில் நின்றது. சிவப்பு.

"அண்ணி... அவன் ஸ்டியரிங்ல சாகல."

எல்லாவற்றையும் சொன்னேன். மதில். நாலு நொடி. எட்டு நொடி. நான் சொன்ன நகைச்சுவை. அவர்கள் சிரித்தது. இருபத்தைந்து நிமிடம். பிளாட்டியாவில் அன்று மறுபடி கல்லைக் கழுவிக் கூப்பிட்டதையும் சொன்னேன். சிக்னல் மூன்று முறை மாறியது. ஃபோட்டிஸ் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஏதென்ஸ் முழுவதும் ஹாரன் அடித்தது.

அண்ணி அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னிக்கு அங்க தண்ணி ஊத்தினியா?" என்றாள்.

"ஊத்தினேன்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு பத்து."

 அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி. பைத்தியம்னு நினைப்பாங்கன்னு. மூணு வருஷமா மூடிக் கிடந்த பெட்டி. அவர் வலது ஷூவுக்கு அடியில சேறு. செம்மண். ஈரம் காயல. கோதுமைத் தாள் ஒட்டியிருந்துச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பிசின் ஒயின் வாடை அடிச்சுது. நான் கழுவறதுக்குக் கொண்டுபோனது சிவப்பு. அந்த பாட்டிலோட தக்கையைக்கூட நாங்க இன்னும் எடுக்கல."