எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருப்பவன், கணுக்காலில் போலீஸ் கண்காணிப்புக் கருவி கட்டிக்கொண்டு திரும்பி வந்த அன்று, என் வாசல் கேட்டின் மூன்று பூட்டுகளை நான்காக்கினேன். குண்டர் கும்பலில் இருந்தான் என்று சந்தேகம். வழக்கு நடக்கவில்லை; உத்தரவு மட்டும் வந்தது. இரண்டு வருடம் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிறை.

ஆனால் பயத்தைவிட அந்தக் கருவியைப் பற்றிய யோசனைதான் எனக்கு அதிகம். ஐந்தாம் நாளே வேலியருகே நின்று விசாரித்தேன். குளிக்கலாமா? எவ்வளவு கனம்?

"குளிக்கலாம் அங்கிள். தெனமும் ரெண்டு மணி நேரம் சார்ஜ் போடணும். சொவரோட ஒட்டி உக்காந்திருக்கணும், டேபிள் ஃபேன் மாதிரி."

"நீ நிக்கிற எடத்த எத்தன மீட்டர் துல்லியமா காட்டும்?"

"அத போலீஸ்ல போயி கேளுங்க லா. நான் கேட்டா அடுத்த கால்லயும் ஒண்ணு மாட்டி விட்டுருவானுங்க."

அவன் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இவன் ஒருவன்தான் மாமன். இடம், லகாட் ஊரைத் தாண்டி அவர்கள் பிறந்த தோட்டத்துக் கோயில். ரப்பர் போய் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. கோயில் மட்டும் நிற்கிறது.

"அந்தக் கோயில் நம்ம மாவட்டந்தாம்மா. நில அளவை ஆபீஸ்ல முப்பத்தொரு வருசம் இருந்தவன் சொல்றேன்" என்று அவன் தங்கைக்கு உறுதி கொடுத்தவன் நான். அவளும் சமையல்காரருக்கும் காது குத்தும் பத்தருக்கும் சொல்லிவிட்டாள். பிறகுதான் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்தேன். எல்லைக்கோடு கோயில் வளாகத்துக்குள்ளேயே ஓடியது.

மறுநாள் காலை அளவு நாடாவோடு போனேன். லாலான் புல்லை விலக்கி எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தேன். கருவறை அடுத்த மாவட்டம். சமையல் கொட்டகை எங்கள் மாவட்டம். கல்லிலிருந்து கொட்டகையின் கடைசி மூலை பதினொரு மீட்டர்.

அனுமதி கேட்டு மலாயில் நானே மனு எழுதிக் கொடுத்தேன். பதினாறு நாளாகியும் பதில் இல்லை. போலீஸ் நிலையத்தில், கடிதம் வராமல் தாண்டக் கூடாது என்றார் சார்ஜன். கருவியின் பிழை எத்தனை மீட்டர் என்று கேட்டேன். "பாச்சிக், இது அளவு நாடா இல்லை, சாட்டிலைட்" என்று மலாயில் மாமா முறை சொல்லிச் சிரித்தார்.

தங்கை அழுதாள். "வேணாண்ணே. சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திக்கலாம்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? கொட்டகையில வை. அங்க நான் வாரேன்."

அப்படித்தான் நடந்தது. அரிசி மூட்டையில் முதுகை ஒட்டி, கடைசி மூலையில், பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தான்.

"சாம்பார் கொதிக்கிற எடத்துல காதுகுத்து! ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா லா?" என்றார் சமையல்காரர்.

"நீங்க சாம்பார்ல உப்பப் பாருங்கண்ணே, நாங்க காதப் பாத்துக்கிறோம்" என்றான் அவன்.

பத்தர் வலது காதில் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். அந்த நேரம் பார்த்து அவன் காலில் கருவி அதிர்ந்தது. பத்தர் ஊசியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவன் எழவில்லை, பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "அடுத்த காத குத்துங்க" என்றான். குத்தி முடிப்பதற்குள் அவன் கைப்பேசி அடித்தது. உடனே நிலையத்துக்கு வர வேண்டும்.

நானும் கூடவே போனேன். சார்ஜன் கணினியைத் திருப்பிக் காட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கம், செம்பனைக்கு நடுவே, அவன் இருந்த இடம் என்று ஒரு சிவப்புப் புள்ளி. வெட்டிய முள் மட்டைகளை இடுப்புயரம் அடுக்கிய இடம் அது. ஆள் நிற்க வழியில்லை. என் அளவு வரைபடத்தை மேசைமேல் விரித்தேன். சாட்சி உண்டா என்றார். "நாற்பத்தேழு பேர், சமையல்காரரையும் சேர்த்து" என்றேன். வெகுநேரம் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், கடைசியில் எச்சரிக்கை என்று மட்டும் எழுதி அவனை விட்டார்.

கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆளை அடைத்து வைப்பதைவிட அது மேல். என் நான்காவது பூட்டும் இன்னும் கேட்டில்தான் இருக்கிறது. ஆனால் புள்ளி வைப்பவர்கள் அதைச் சுற்றி, இவ்வளவு தூரம் பிசகலாம் என்று ஒரு வட்டமும் போட வேண்டும். முப்பத்தொரு வருட அனுபவத்தோடு ஒரு கோயிலை மாவட்டம் மாற்றி வைத்தவன் நான். அதனால்தான் கேட்கிறேன்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அவன் கேட்டான். "ரெண்டாவது காது குத்துனப்ப பிள்ள அழுதாளா அங்கிள்? நான் கால பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

எனக்கும் தெரியவில்லை. நானும் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.