அத்தாவின் மிஷின் சத்தம்

"…பேரும் வாணாம், கொரலையும் மாத்திடுங்கக்கா. பஜாரே சிரிக்கும்" என்கிறார் தையல்காரர் காதர் பாய்.

குமணன்சாவடி பஸ் ஹாரன்களுக்கு நடுவே மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் சமுதாய வானொலியில் இந்த வாரம் 'பேச்சு விட்டுப்போனவர்கள்'. ஆளாளுக்குத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். எதிர்க்கடை இவருடைய அண்ணனுடையது. அத்தா, அதாவது அப்பா, விட்டுப்போன தையல் மிஷின் யாருக்கு என்று வந்த சண்டையோடு இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது மகளின் நிக்காஹ்வுக்கு அண்ணன் வரவேண்டும் பாய்க்கு.

"நேரா போய்க் கூப்பிடலாமே, பாய்?"

"போனேங்க்கா. என்னப் பாத்ததும் ஷட்டர இழுத்துட்டாரு. ஆனா உங்க ரேடியோவ மட்டும் நிறுத்தவே மாட்டாரு. இங்க வரைக்கும் கேக்குது பாருங்க."

கேட்கத்தான் செய்கிறது.

"பேரும் இல்லாம, குரலும் மாறிட்டா, கூப்பிடுறது நீங்கதான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பாய் தன் முன்னாலிருக்கும் பழைய மிஷினைத் தட்டுகிறார். "அத்தாவோட மிஷின் இது. சத்தமே நொண்டி நொண்டிதான் வரும். அவரு இதுலதான் தைக்கக் கத்துக்கினாரு" என்கிறார்.

என் கையிலிருந்த மைக்கை வாங்கி மிஷின் பலகைமேல் வைக்கிறார். ஊசிக்கடியில் துணிகூட இல்லை. மிதிக்கத் தொடங்குகிறார்.