வயர் அறுந்த வாரம்

எங்கள் தெருவில் சப்பரம் வரும்போது முன்னால் நாலு பேர் கவைக்கம்போடு நடப்பார்கள். குறுக்கே தொங்கும் வயர்களைத் தூக்கிப் பிடிப்பார்கள், அம்மன் அடியில் போகும், பிறகு விட்டுவிடுவார்கள். நான் சமயநல்லூருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான். போன பங்குனிப் பொங்கலுக்குச் சப்பரத்தைக் கொஞ்சம் உயரமாகவே கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டு பிராட்பேண்ட் வயர் மட்டும் எம்பி எம்பித் தூக்கியும் இடித்தது. ஒருவன் கட்டிங் பிளேயரை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டான்.

"ஏப்பா, என் பொழப்பே அந்த வயர்லதானப்பா ஓடுது!" என்று வாசலில் நின்று கத்தினேன்.

"அம்மன் வர்றப்ப வயரு குறுக்க நிக்கலாமாக்கா? போனைப் போடுங்க, நாளைக்கே வந்து மாட்டிருவாய்ங்க."

அம்மனை எதிரில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா? தேங்காய்த்தட்டைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

பொழப்பு என்றது சும்மா இல்லை. அதற்கு முன் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்த்து, இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. இனிமேல் நிற்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலைந்து திரிந்து கிடைத்தது இந்த வேலை. ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கம்பெனிக்கு, வீட்டில் உட்கார்ந்தபடி, கோபமாக வருகிற ஆட்களுக்குப் பதில் தட்டுவது. பதில் வாங்கியவர்கள் போடுகிற மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் நிரந்தரம் ஆக்குவார்கள், எனக்கு இன்னும் ஆகவில்லை. அதற்குள் வயர் போனது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. மறுநாளோடு வருஷ பிளானும் முடிந்தது. சரி, பணத்தைக் கட்டிப் புதுப்பித்துவிடலாம் என்று ஆப்பைத் திறந்தால், 'உங்கள் இணைப்பு பழுதில் உள்ளது, சரிசெய்த பின் புதுப்பிக்கவும்' என்கிறது. பழுது பார்க்கச் சொல்லிப் போன் போட்டால், "உங்க பிளான் முடிஞ்சிருச்சு மேடம், புதுப்பிச்சாத்தான் கம்ப்ளெயின்ட் எடுக்க முடியும்" என்கிறாள் ஒரு பெண். வெளங்கும்! முட்டிக்கொள்ளச் சுவர் ஒன்றுதான் பாக்கி.

"ஏம்மா, வயரைக் கட்டாம புதுப்பிக்க முடியாதுங்கிறீங்க, புதுப்பிக்காம வயரைக் கட்ட மாட்டேங்கிறீங்க. நான் எங்கிட்டுத்தான் போறது?"

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் அந்த வாக்கியத்துக்கு ஒரு பட்டனே உண்டு. படித்துக்கூடப் பார்க்காமல் எத்தனை பேருக்கு அதை அமுக்கியிருக்கிறேன். அவளைத் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டு போனை வைத்தேன்.

லாரி ஓட்டப் போயிருந்த என் வீட்டுக்காரர் போனில், "வேற கம்பெனிக்காரய்ங்களக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். எங்கள் தெருவுக்கு அவர்கள் லைனே வரவில்லையாம். செல்போன் நெட்டில் எங்கள் கம்பெனி சாப்ட்வேர் திறந்து திறந்து மூடிக்கொண்டது. பிரவுசிங் சென்டரில் உட்காரட்டுமா என்று டீம் லீடரிடம் கேட்டேன். வாடிக்கையாளர் விவரமெல்லாம் இருக்கிறது, வெளியிடம் கூடவே கூடாது என்றார். நல்ல மனுஷிதான். திங்கட்கிழமை காலைக்குள் சாப்ட்வேருக்குள் வராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் அவரே சொன்னார்.

ஞாயிறு முழுக்கப் போனும் கையுமாகக் கிடந்தேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, அப்புறம் பாட்டு. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கேடு என்று அம்மனிடம்கூடக் கோபம் வந்தது. திங்கள் காலை வேலை நேரத்துக்கு அணைந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மதியம் டீம் லீடர் கூப்பிட்டு, என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்றார்.

செவ்வாய்க்கிழமை வந்தான் லைன்மேன், ஏணியோடு. அவன் ஆபீஸில் மேலே இருக்கிற யாரோ இரக்கப்பட்டு அவர்களே பிளானைப் புதுப்பித்துவிட்டார்களாம். உச்சி வெயிலில் கம்பத்தில் ஏறி வயரை இழுத்துக் கட்டி, பச்சை விளக்கு எரிய வைத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஒரு வயரக் கட்ட இம்புட்டு நாளா? என் வேலையே போச்சுய்யா!" என்று கத்தித் தீர்த்தேன். அவன் குனிந்து துண்டு வயர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து என் போனில் மெசேஜ் வந்தது. இன்று வந்த ஊழியருக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?

"அக்கா," என்றான் மெதுவாக. "என்னைய வையுங்க, பரவால்ல. மார்க்கை மட்டும் கொறைச்சிராதீக. இந்த மாசம் ஏற்கனவே ரெண்டு பேரு கொறைச்சிட்டாக. இன்னொன்னு கொறைஞ்சா வேலையவிட்டே நிப்பாட்டிருவாய்ங்கக்கா. வீட்ல கைப்பிள்ளை இருக்கு."

எனக்கு அது தெரியாதா? நானும் அந்த மதிப்பெண்ணுக்காக ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தவள்தானே.

பத்தை அமுக்கி, போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். "போய்யா, போ," என்று கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.