ரோசம்மா எடுத்த இரண்டாம் பாகம்

போன செவ்வாய்க்கிழமை காலை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் ஸ்டெல்லா போனில் கூப்பிட்டாள். "அம்மா, நம்ம ரோசம்மா அத்தை போயிட்டாங்க" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. பேசிக்கொண்ட நாட்களைவிடச் சண்டை போட்ட நாட்கள்தான் அதிகம்.

தோட்டத்து மக்களே, உங்களில் பாதிப்பேர் அவள் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள். அம்மாமார் ஏலக்காய் எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தை அவள் ஒருத்தியாகத்தான் கட்டி ஆண்டாள். கங்காணி சத்தம் போட்டால் இவள் அதைவிடப் பெரிய சத்தம் போடுவாள். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு.

எழுபதுகளில் மாதம் ஒருமுறை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பெரியவர்கள் முன்னால் உட்காருவோம், பிள்ளைகள் துணிக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாக் கதாநாயகனும் இடது கைக்காரன்தான்! ஒரு மாதம் பேய்ப்படம் வந்தது. வெள்ளைச் சேலைப் பேய் பூட்டிய கதவு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதது. கதவு மெல்லத் திறந்தது. அந்த இடத்தில் கடைசி ரீல் பெட்டியை மாட்டினார்கள். பார்த்தால் பெட்டி மாறிப்போயிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவேண்டிய வேறு படம்! பேய்க்குப் பதில் கல்யாணப் பந்தலும் நாதஸ்வரமும் வந்தன. நாங்கள் சிரித்துவிட்டுக் கலைந்தோம். பிள்ளைகள் சிரிக்கவில்லை. படம் முடியாததால் பேய் துணிக்குப் பின்பக்கமாக, அவர்கள் பக்கமாக, இறங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

என் ஸ்டெல்லாவுக்கு அப்போது ஐந்து வயது. மடுவத்துக் கதவுக்குப் பின்னால் பேய் நிற்கிறது என்றாள். வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். நான் கூடையைத் தொட்டாலே அலறினாள். அடித்துப் பார்த்தேன். உபதேசியாரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருவாய்ச் சோறு இறங்காமல் ஒரு வாரத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது. பிள்ளை என் கையைவிட்டுப் போய்விடுவாள் என்றே பயந்துவிட்டேன்.

ரோசம்மா வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி அந்தோணி, மீதிப் படத்தை நம்ம எடுப்போமா? ரெண்டாம் பாகம்."

"பேய்க்குப் பயந்து கிடக்குற பிள்ளைக்குப் பேய் வேசமா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"அந்தப் பேய் ஏன் அழுதுச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களாட்டி? அதைத் தெரிஞ்சுக்காம போ போன்னா எப்படிப் போகும்?"

சொன்னவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். கோயிலுக்குக் கட்டும் தன் வெள்ளைச் சேலையை மடுவத்தில் சன்னல் வெயிலுக்கு நேராகக் கட்டினாள். பிள்ளைகளை உட்கார்த்தி, "பேய் எதுக்கு அழுவுது?" என்று கேட்டாள். பசி என்றது ஒன்று. பல்வலி என்றது இன்னொன்று. ஸ்டெல்லா மட்டும் அவள் தோளில் முகத்தைப் புதைத்தபடி மெதுவாகச் சொன்னாள்: "அதோட அம்மா காய் எடுக்கப் போனா. எல்லா அம்மாவும் வந்துட்டாங்க. அது அம்மா மட்டும் வரல."

எனக்குச் சுருக்கென்றது. காய் மும்முரமான அந்த மாதம் முழுக்க எல்லோருக்கும் கடைசியாகத் திரும்பியவள் நான்தான். அதுவரை இவள் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாளாம்.

ரோசம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் இடுப்பில் கூடையைக் கட்டினாள். "நீதாம்ட்டி அம்மா. அந்தப் பக்கம் போய் நில்லு. வந்து கூப்பிடு" என்று தள்ளினாள். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதையும் காதில் சொன்னாள். ஸ்டெல்லாதான் பேய். சேலைக்குப் பின்னால் அவள் நிழல் விசும்பிக்கொண்டு நின்றது. "வேலை முடிஞ்சிட்டு மக்கா. வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். துணியை விலக்கிக்கொண்டு ஓடிவந்து என் கால்களைக் கட்டிக்கொண்டாள். மடுவமே கைதட்டியது. அன்று சாயங்காலம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் சரியான பெட்டி வந்துசேர்ந்தது. மந்திரவாதி பேயைத் தீயில் போட்டு எரித்தான். துணிக்குப் பின்னாலிருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று, "பொய்! அது அம்மாகூட வீட்டுக்குப் போயிட்டு!" என்று கூச்சல் போட்டார்கள். மெஷினை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று மேனேஜர் கேட்டபோது, "நான்தான் சார். இது எங்க படம்" என்று எழுந்து நின்றாளே, அந்த நிற்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவள் ஞாபகமாக என்னிடம் போட்டோகூட இல்லை. காதில் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வரி இருக்கிறது. அதன்பிறகு எத்தனை அலுப்பானாலும் மடுவத்து வாசலில் நின்று அதைச் சொல்லித்தான் மகளைக் கூப்பிடுவேன்.

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடப்போனார்கள். தலை நரைத்துவிட்ட ஸ்டெல்லா முன்னால் போய், குனிந்து, ரோசம்மாவின் நெற்றியைத் தொட்டாள்.

"வேலை முடிஞ்சிட்டு அத்தை. வீட்டுக்குப் போங்க."