கடுகக்காவின் குரோட்டன்ஸ்

அந்தக் கார் பட்டறையில் அவளுக்குக் கடுகக்கா என்று பெயர். ஆள் பார்க்கக் கடுகளவுதான். சூடு பட்டால் வெடிப்பதும் அப்படியே. அவளுக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் வேண்டியதில்லை, வராமல் இருக்கத்தான் ஏதாவது காரணம் வேண்டும். முதலாளிகூட அவள் பெயின்ட் கலக்கும் அறைக்குள் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். அத்தனை பேரும் அவளைப் பொறுத்துக்கொண்டது அவளுடைய கண்ணுக்காக. இடிபட்டு வரும் காருக்குப் புதுக் கதவு மாட்டினால், வெயிலில் வெளுத்த பழைய உடம்போடு அது ஒட்டிப்போக வேண்டும். கம்பெனி கொடுக்கும் கலவை அளவு புதுக் காருக்குத்தான் சரிவரும். மீதியைக் கண்தான் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று அவள் கலக்கிக் கொடுத்தால் எந்தக் கதவு புதுசு என்று கார்க்காரனுக்கே தெரியாது.

ஊரார் காருக்கெல்லாம் நிறம் பார்த்தவளுக்கு வீட்டில் நிறமாக இருந்தது ஒரே ஒரு பொருள்தான். நடைபாதைச் செடிக்காரனிடம் வாங்கிய குரோட்டன்ஸ். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வாரித் தெளித்த நீள இலைகள். வாங்கிய வாரமே பட்டறையிலிருந்து கலர் அட்டைகளைக் கொண்டுவந்து, நல்ல சிவப்பான இலையோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். தீயணைப்பு வண்டிக்கு அடிக்கிற சிவப்போடு அப்படியே பொருந்தியது. அதைக் கணவரிடம் பல தடவை சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாது. அவருக்கும் கோபம் வந்திருக்கலாம், ஆனால் அதை வெளியே விட அந்த வீட்டில் இடம் மிச்சமில்லை.

செடியைக் கிழக்கு ஜன்னலோரம் ஸ்டூலில் வைத்தாள். காலையில் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஈரத் துணியால் இலைகளைத் துடைப்பதை மற்றவர் கையில் விடமாட்டாள். குரோட்டன்ஸை இடம் மாற்றினால் அது முறுக்கிக்கொண்டு இலையை உதிர்த்துவிடும். அந்தக் குணமே அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்ட செடி வெளிற ஆரம்பித்தது. சிவப்பு மங்கிச் செங்கல் நிறமானது, மஞ்சள் அழுக்குப் பிடித்தாற்போல் ஆனது. "வெளிறிப் போச்சுல்ல?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "ஆமா" என்றார்.

அவ்வளவுதான், பிடித்தது சனி. நடைபாதைக்குப் போய்ச் செடிக்காரனை நாலு பேர் பார்க்கக் கிழித்துத் தொங்கவிட்டாள். அவன் பயந்துபோய் ஒரு பொட்டலம் உரம் கொடுத்தான். அதைப் போட்டாள், நுனிகள் கருகின. வெளிச்சம் போதவில்லை என்று மேற்கு ஜன்னலுக்கு மாற்றினாள். மத்தியான வெயில் கண்ணாடி வழியாக இறங்கி இலைகளைப் பொசுக்கியது. மண்ணை மாற்றினாள். மிச்ச டீயைச் செடிக்கு ஊற்றுகிறார் என்று கணவர்மேல் பழி போட்டாள். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் கை நிறைய இலை உதிர்ந்தது, உதிர உதிர அவளுக்கு வெறி ஏறியது. ஒவ்வொரு தடவையும் அவரைக் கேட்டாள், அவரும் வெளிறித்தான் இருக்கிறது என்று ஒத்து ஊதினார்.

பட்டறையிலும் அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளைக் கார் திரும்பி வந்தது. புதுக் கதவு மட்டும் நீலம் பூத்துத் தெரிகிறது என்று கார்க்காரர் கத்தினார். அவள் அதைவிடக் கத்தினாள். பெயின்டருக்கு ஸ்பிரே பிடிக்கத் தெரியவில்லை, டியூப் லைட் மட்டம் என்று ஒரு பாட்டம் திட்டி, அறையின் விளக்குகளையெல்லாம் மாற்ற வைத்தாள். அதற்குப் பிறகு புகாரே வரவில்லை. விளக்குதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறுபடியும் செடிக்காரன் சட்டையைப் பிடிக்க அத்தாட்சி வேண்டும் என்று, ஒரு நாள் உதிர்ந்த இலை ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். தீயணைப்பு வண்டிச் சிவப்பு அட்டையை எடுத்து இலையின் பக்கத்தில் வைத்தாள். இலை எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டும் பொருந்தின. அன்றைக்குப் போலவே அச்சாகப் பொருந்தின. அட்டையும் அதே செங்கல் நிறத்தில் இருந்தது.

அட்டை பழசு, சாயம் போய்விட்டது என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டே, பிரிக்காத புது அட்டைக் கட்டின் உறையைக் கிழித்தாள். அதிலிருந்த சிவப்பும் செங்கல்தான். வாசல் வெளிச்சத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கேயும் செங்கல்தான். திட்டுவதற்கு ஆள் யாரும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெயின்டரைக் கூப்பிட்டு அட்டையை நீட்டினாள். "இது என்ன கலரு?"

அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியுதுக்கா?" என்றார்.

அந்தக் கேள்வி அவளைச் செருப்பால் அடித்தது. பிறகு பெயின்டர் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைக் கார் வந்ததிலிருந்தே அவருக்குத் தெரியும். அவள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, அவள் கலக்கியதைத் தானே திருத்தி அடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்திருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், தன் மாமனாருக்கும் இப்படித்தான் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது வந்ததைப் பார்த்தால், அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றியது. அவளுடைய கண்ணைப் பற்றி அவளைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவளைக் குழந்தையாக்கி, பின்னாலேயே வந்து துடைத்துவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

கணவர் வேனை நிறுத்திவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேற்கு ஜன்னலில் செடி வெறும் குச்சியாக நின்றது, உச்சியில் ஒரே ஓர் இலை. செடி எப்போதாவது வெளிறியதா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் எதுக்கு ஆமா ஆமான்னு சொன்னீங்க? நல்லா இருந்த செடிய நானே கொன்னிருக்கேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"உன்கிட்ட இல்லன்னு சொல்லிட்டு இந்த வீட்டுல யாரு நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடிஞ்சிருக்கு?" என்றார் அவர். குரல் உயரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் பேசிய கடுமையான பேச்சு அதுதான்.

எடுத்து எறிய எதையாவது தேடிய அவள் கை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பிறகு உச்சி இலையைக் காட்டி, "இப்ப சொல்லுங்க. இது என்ன கலரு?" என்றாள்.

"செவப்பு. வாங்கினப்ப இருந்த அதே செவப்பு."

அவர் சொன்னது உண்மை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது செங்கல். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் ஆமாம் போட்டபோது இருந்த அதே சாந்தமான முகம். இதில் மெய் எது, பொய் எது என்று எந்த அட்டையை வைத்துப் பார்ப்பது?

"நான் கத்துவேன்னுதான் இதையும் சொல்றீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"ஆமா," என்றார் அவர்.